விக்டரின் ஃபைல் புது வெர்ஷனில் திறந்த மதியம்

ஆவி, சகுனம் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இதைக் கேட்டு நீங்களும் சிரிக்கலாம், சிரியுங்கள், நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

தொம்மலூரில் நானும் விக்டரும் சேர்ந்து அழைப்பிதழ், நினைவு அட்டை எல்லாம் டிசைன் செய்யும் சின்னக் கடை வைத்திருந்தோம். சாஃப்ட்வேரில் எத்தனை புது வெர்ஷன் வந்தாலும் விக்டர் மாற மாட்டார். "புதுசு போட்டா நம்ம தமிழ் ஃபான்ட் எல்லாம் கட்டம் கட்டமா ஆயிடும் மாலதி, இருக்கறதே இருக்கட்டும்" என்பார். திடீரென்று ஒருநாள் மாரடைப்பில் போய்விட்டார். அதன்பிறகு பழைய கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுபோக, அச்சகத்திலும் புது வெர்ஷன் ஃபைல்தான் வேண்டும் என்று சொல்லிவிட, வேறு வழியில்லாமல் புதுக் கம்ப்யூட்டரில் ட்ரையல் மட்டும் போட்டேன், ஒத்துவந்தால் வாங்கலாம் என்று.

அன்று மதியம் ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து விக்டரின் மனைவி ரெஜினா அக்கா வந்திருந்தார். முதலாம் ஆண்டு நினைவு அட்டை. தங்கள் கல்யாண நாளுக்கு விக்டர் செய்த அட்டையின் அதே எழுத்து வேண்டும் என்றார். அந்த ஃபைலிலேயே விக்டரின் படத்தை நடுவில் வைத்து, பழைய கம்ப்யூட்டரில் முடித்து, புதியதில் திறந்தேன். விக்டர் அன்று சொன்ன மாதிரியே பெயர் முழுக்கக் கட்டங்கள்.

"இது வேணாங்க்கா, பழசுலயே ஓட்டிக்கறேன்" என்று மூடப் போனேன். அப்போதுதான் பார்த்தேன், அன்டூ பட்டன் எரிந்துகொண்டிருந்தது. கடைசியாகச் செய்ததை ரத்து செய்கிற பட்டன் அது. இப்போதுதான் திறந்த ஃபைலில் ரத்து செய்ய ஒன்றுமே இருக்காது, இந்த வேலை தெரிந்த யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அழுத்தினேன். ஒரு கட்டம் 'வி' ஆனது. இன்னொரு தடவை, 'க்'. அழுத்த அழுத்தப் பெயர் முழுதும் அந்தப் பழைய எழுத்திலேயே வந்து நின்றது.

கையை எடுத்துவிட்டேன். சத்தியமாக எடுத்துவிட்டேன். ஆனால் ஓரத்திலிருந்த பூங்கொத்து தானாக நகர்ந்தது, விக்டர் நகர்த்துவது போலவே, கொஞ்சம் போய், நின்று, பின்னால் வந்து, மறுபடி போய்.

ரெஜினா அக்கா பயப்படவில்லை. திரையைப் பார்த்து, "ஏங்க, பூ இன்னும் கொஞ்சம் கீழ" என்றார். இறங்கியது. என்னை அவர் ஒருநாளும் 'ஏங்க' என்று கூப்பிட்டதில்லை.

பிறகு படம் நகர்ந்தது. நடுவிலிருந்து மெல்ல இடது ஓரத்துக்கு. பக்கத்தில் இன்னொரு படம் வைக்கிற அளவுக்கு இடம் கிடைத்ததும் நின்றது.

"போதுங்க" என்றார் அக்கா. அப்புறம் என் பக்கம் திரும்பி, "அப்படியே பிரின்ட் போட்டுடு மாலதி. அந்த எடம் காலியாவே இருக்கட்டும்."

நம்பினால் நம்புங்கள், அன்றைக்கே புது வெர்ஷனை வாங்கிவிட்டேன். வேறு எந்தப் பழைய ஃபைலைத் திறந்தாலும் இன்றுவரை கட்டங்கள்தான். அக்கா நன்றாகத்தான் இருக்கிறார், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறார். ஆனால் இப்போது அடுத்த வெர்ஷன் வந்திருக்கிறது, மாறலாமா என்று திரை தினமும் கேட்கிறது. எதற்கும் பார்க்கலாம் என்று நேற்று அந்த ஃபைலைத் திறந்தேன். காலி இடத்தைச் சுற்றி மெல்லிய கோட்டில் ஒரு சட்டம் இருந்தது. நான் போடவில்லை.