மானேஜரின் ஆட்டம்

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் என் வீட்டுக்கு வரலாம். கட்டிலுக்கு அடியில் ஒரு மரப்பெட்டி இருக்கிறது. அதில் வலது கால் ஷூக்கள் மட்டும்தான். ஒவ்வொன்றின் குதிகாலையும் திருப்பிப் பாருங்கள். பிறகு பேசலாம்.

என் பெயர் எவாரிஸ்தோ பெனாஸ்ஸி. பத்தொன்பது வயதில் பொலோஞ்ஞாவின் ஓபரா அரங்கு ஒன்றில், ரசிகர்களுக்கு உட்காரும் மெத்தைகளை வாடகைக்குக் கொடுப்பவனாகச் சேர்ந்தேன். பிறகு சுவரொட்டி ஒட்டினேன். பிறகு பாடகிகளின் நாய்களைப் பார்த்துக்கொண்டேன். ஃபெராராவில் ஒரு மானேஜருக்குக் காரியதரிசியாக இருந்தபோதுதான் இந்தத் தொழில் என்னவென்று புரிந்தது. பாடகர்களிடம் கெஞ்சு, நகரசபையிடம் பொய் சொல், ரசிகர்களுக்குப் பயப்படு. அவ்வளவுதான். நாற்பத்தி நான்காவது வயதில் எனக்கென்று ஓர் அரங்கு கிடைத்தது. போ நதிக்கரையில் பொர்கோலென்தோ என்ற சின்ன ஊர். ஆண்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறு.

கையெழுத்துப் போட்ட அன்றே மேயர் சொல்லிவிட்டார்.

"இந்த சீசன் படுத்துச்சுன்னா அரங்கை சினிமாக்காரருக்குக் குடுத்துடுவோம். உங்களுக்கும் வேற ஊரு வேற வேலை. வருத்தப்படாதீங்க."

வேறு ஊர் எதுவும் என்னை எடுக்காது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எங்கள் பக்கத்தில் ஓபரா சீசன் தொடங்குவது டிசம்பர் இருபத்தாறு, சாந்தோ ஸ்தெஃபானோ திருநாளில். கிறிஸ்துமஸ் விருந்து இன்னும் செரிக்காத வயிறோடு மொத்த ஊரும் வரும். கீழே கோட்டு போட்டவர்கள். கூரைக்குக் கீழே உள்ள கடைசி மாடத்தில் கசாப்புக்காரர்கள், பால்காரர்கள், கொல்லர்கள். பாட்டை அறிந்தவர்கள் அந்த மேல்மாடத்து ஆட்கள்தான். ஒரு சுரம் பிசகினால் விசில். இரண்டு பிசகினால் கையில் கிடைத்தது பறக்கும். அவர்களுக்குத் தலைவன் ப்ரீமோ என்ற கசாப்புக்கடைக்காரன். கழுத்தே இல்லாத மனிதன், அருமையான காது.

அரங்கில் இரண்டு விஷயங்கள் எனக்கு வினோதமாகப் பட்டன.

ஒன்று, இரும்புத் திரை. தீப்பிடித்தால் மேடையை அடைப்பதற்கு எல்லா அரங்குகளிலும் இருப்பதுதான். இங்கே அதன் சக்கரத்தைச் சங்கிலியால் கட்டிப் பூட்டு போட்டிருந்தார்கள். பூட்டு துருப்பிடித்துக் கல்லாகியிருந்தது. தீயணைப்பு அதிகாரி சத்தம் போட்டார். சங்கிலியை வெட்டச் சொன்னேன். வெட்டினார்கள்.

இரண்டாவது, அறிவிப்பு. பாடகருக்கு உடம்பு சரியில்லை, பதிலுக்கு வேறொருவர் பாடுகிறார் என்றால், மானேஜர் திரைக்கு முன்னால் வந்து நின்று சொல்வதுதான் இத்தாலி முழுக்க வழக்கம். பொர்கோலென்தோவில் மட்டும் மானேஜர் வெளியே வர மாட்டார். பாடகர்கள் மறக்கும் வரிகளை எடுத்துக் கொடுப்பவர்தான் தன் பொந்திலிருந்து தலையை நீட்டிச் சொல்வார்.

பொந்து என்றால் மேடையின் முன்விளிம்பில், நடுவில், ஓர் ஆள் மார்புவரை நிற்கிற குழி. ரசிகர்கள் பக்கம் ஒரு மரக்குடை மறைத்திருக்கும். கீழே மேடைக்கு அடியிலிருந்து ஏறிவர ஒரு கதவு. கதவுக்குத் தாழ்ப்பாள் கீழ்ப்பக்கத்தில். பொந்துக்குள் இருப்பதை மேடையில் நிற்பவர் மட்டுமே பார்க்க முடியும். ரசிகர்கள் கண்ணுக்குக் குடையின் முதுகுதான் தெரியும்.

எங்கள் அரங்கில் வரி எடுத்துக் கொடுப்பவள் இர்மா தஸ்ஸி. நாற்பது வயது. எப்போதும் அணைந்த சிகரெட் ஒன்று உதட்டில் தொங்கும்.

"ஏன் இப்படி ஒரு வழக்கம்?" என்று கேட்டேன்.

"யாருக்குத் தெரியும்? ஒவ்வொரு அறிவிப்புக்கும் எனக்கு ஒரு பாட்டில் லாம்ப்ரூஸ்கோ ஒயின் வரும். காரணம் கேட்டா பாட்டில் நின்னுடுமே."

"இனி நானே வெளியே வந்து சொல்வேன். முகம் காட்டாத மானேஜர் என்ன மானேஜர்?"

"உங்க மூஞ்சி, உங்க தக்காளி. எனக்கு என்ன."

திருநாளன்று மதியம், ஆளில்லாத அரங்கில் நடந்து பார்த்தேன். வெளியே வெயில் அடித்தது. உள்ளே எப்போதும் இருட்டுதான். ஒரே ஒரு விளக்கு. திரையின் பிளவைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து, காலி நாற்காலிகளைப் பார்த்துச் சும்மா சொன்னேன்.

"பெருமக்களே, ஒரு சிறிய மாற்றம்."

கர்ர்... கர்ர்...

பொந்திலிருந்து. மரத்தை நகத்தால் சுரண்டுவது மாதிரி.

குனிந்து பார்த்தேன். காலி. விளிம்பில், மேடைப் பக்கம், மரம் ஓரிடத்தில் மட்டும் வேறு நிறமாக இருந்தது. பழைய பலகையை ஒரு சாண் நீளத்துக்கு அறுத்து எடுத்துப் புதிதாக ஒட்டுப்போட்டிருந்தார்கள்.

இர்மாவிடம் சொன்னேன்.

"எலி," என்றாள். "எனக்குப் பழக்கம்தான். நான் பாட்டைப் படிக்கும்போதுகூடச் சுரண்டும். வெக்கம் கெட்ட எலி."

மாலை ஆறு மணிக்கு எங்கள் டெனர், அதாவது உச்சஸ்தாயியில் பாடும் கதாநாயகன், விலாங்கு மீன் தின்று படுத்துவிட்டார். காய்ச்சல். தொண்டையில் காற்றுதான் வந்தது. பதில் ஆள் யார்? கோரஸில் பாடும் ஒரு பால்பண்ணைக்காரன். நல்ல குரல், ஆனால் மூன்றாம் அங்கம் பாதி மறந்துபோயிருந்தது. இர்மாவை அவனோடு ஒப்பனை அறையில் உட்காரவைத்தேன்.

"அறிவிப்பு நேரத்துல நான் பொந்துல இருக்க வேண்டாமா?" என்று கேட்டாள்.

"வேண்டாம். அவனுக்கு வரிகளை ஊட்டு. திரை தூக்குறதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி போனாப் போதும்."

"சரி. தாழ்ப்பாளைப் போட்டுட்டு வரேன். இல்லன்னா பசங்க உள்ள புகுந்து புகைபிடிப்பானுங்க."

எட்டு நாற்பதுக்கு விளக்குகள் மங்கின. திரையின் பிளவில் நின்றேன். சினிமாக்காரர் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். சிரித்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்தேன்.

"பெருமக்களே, ஒரு சிறிய மாற்றம். நம் டெனருக்கு உடல்நலமில்லை. தயவுசெய்து..."

மேல்மாடத்தில் முணுமுணுப்பு. ஒரு விசில். எதிர்பார்த்ததுதான்.

அப்போது என் முதுகுக்குப் பின்னால் காற்று அசைந்தது.

டமார்.

இரும்புத் திரை. மேலிருந்து ஒரே வீச்சில் விழுந்தது. என் கோட்டின் வால் அதற்கடியில் மாட்டிக் கிழிந்தது. ஓரடி பின்னால் நின்றிருந்தால் இரண்டாகியிருப்பேன். திரும்பிப் பார்த்தேன். பிளவு இல்லை. வெல்வெட் இல்லை. சுவர் மாதிரி இரும்பு.

பிறகு சத்தம் கேட்டது.

பூட்ஸ் சத்தம். மேலிருந்து படிகளில் இறங்கியது. நூறு பேர் இறங்குகிற மாதிரி.

டம். டம். தக்.

டம். டம். தக்.

வலது, வலது, இடது. ஒரே தாளம். ஈரக் கம்பளியும் புளித்த ஒயினும் நாறின. நாற்காலிகள் உடைந்தன. வயலின் ஒன்று நசுங்கும் சத்தம் கேட்டது. ஆனால் என் கண்ணுக்கு... எல்லோரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கால்கூட அசையவில்லை.

யாரோ என் காலரைப் பிடித்தார்கள்.

விலாவில் ஒரு குத்து. மூச்சு போய்விட்டது. இன்னொன்று முகவாயில். பல் உடைந்து நாக்கில் உருண்டது. விழுங்கிவிட்டேன். கத்த வாயைத் திறந்தேன். யாரோ தலைமுடியைப் பற்றி என் நெற்றியை இரும்பில் மோதினார்கள். ஒருமுறை. மறுபடியும். முட்டிபோட்டு விழுந்தேன். எழுந்தேன். இரும்பை இரண்டு கையாலும் அடித்தேன்.

யாரும் திறக்கவில்லை.

பொந்து. அதுதான் வழி. குடையின் பின்னால் ஓடினேன்.

உள்ளே பார்த்தேன்.

ஒரு கை.

விளிம்பைப் பிடித்திருந்தது. வெளுத்த கை. கஃப் பட்டன் வைத்த சட்டை. ஒரு மானேஜரின் சட்டை.

அது விளிம்பை விட்டது. என் கணுக்காலைப் பிடித்தது.

பனிக்கட்டி.

இழுத்தது... உள்ளே... கீழே...

கீழிருந்து ஒரு குரல். மெதுவாக. மரியாதையாக.

"பெருமக்களே... ஒரு சிறிய மாற்றம்..."

மிதித்தேன்.

வலது குதிகாலால் மிதித்தேன். எலும்பு நொறுங்குவது காலில் தெரிந்தது. மறுபடியும் மிதித்தேன். கை விடவில்லை. இடது காலால் மிதித்தேன். மறுபடி வலது. வலது. இடது. எத்தனை தடவை என்று தெரியாது. விரல்கள் விளிம்பில் ஒட்டிக் கூழாகும்வரை...

டம்.

டம்.

தக்.

விட்டது.

நிமிர்ந்தபோது அரங்கம் அதிர்ந்துகொண்டிருந்தது. கைதட்டல். மேல்மாடம் முழுக்க எழுந்து நின்று சிரித்தது. ப்ரீமோ தொப்பியை வீசினான். சினிமாக்காரர்கூடத் தட்டினார். இரும்புத் திரை மேலே போயிருந்தது. திரைக்குப் பின்னால் வேலையாட்கள் ஐந்து பேர், சக்கரத்தை யாரும் தொடவில்லை என்று சிலுவைக்குறி போட்டுச் சத்தியம் செய்தார்கள்.

ரசிகர்கள் பார்த்தது இதுதான்: இரும்புத் திரை தவறாக விழுந்தது. பயந்துபோன மானேஜர் அதில் முட்டிக்கொண்டார், தள்ளாடினார். பிறகு கோபத்தில் பொந்துக்குப் பின்னால் நின்று தாண்டவம் ஆடினார். இவ்வளவு நல்ல வேடிக்கையை அவர்கள் அந்த அரங்கில் பார்த்ததில்லை. சிரித்த வாயோடு விசிலடிக்க முடியுமா? பால்பண்ணைக்காரன் தப்பித்தான். சீசன் தப்பித்தது. நான் தப்பித்தேன்.

இர்மா மேடைக்கடியில் போய்ப் பார்த்தாள். தாழ்ப்பாள் போட்டது போட்டபடி இருந்தது.

மறுநாள் காலை வாளியோடு வந்தாள்.

"மானேஜர், எலியைக் கொன்னுட்டீங்க போல," என்றாள். அன்று அவள் சிரிக்கவில்லை. விளிம்பின் ஒட்டுப்பலகை கறுப்பாக ஊறியிருந்தது. வினிகர் ஊற்றித் தேய்த்தாள். போகவில்லை. பலகையை மாற்றினோம்.

அடுத்த சாந்தோ ஸ்தெஃபானோ வந்தது. டெனருக்கு ஒன்றுமில்லை. அறிவிப்பே தேவையில்லை. ஆனால் திரை தூக்கும் முன் மேல்மாடம் கத்த ஆரம்பித்தது.

"மானேஜர் ஆடணும்! மானேஜர் ஆடணும்!"

மேயர் என் காதில் சொன்னார். "ரெண்டு மிதி மிதிச்சிட்டு வாங்களேன். ஜனங்க அதுக்குத்தான் வந்திருக்காங்க."

வெளியே வந்தேன். பொந்துக்குப் பின்னால் நின்றேன். குனிந்து பார்க்கவில்லை. கணுக்காலில் குளிர்ந்தது.

மிதித்தேன்.

அது வழக்கமாகிவிட்டது. ஊரே சொல்லும், பொர்கோலென்தோவில் மானேஜர் ஆடினால்தான் சீசன் தொடங்கும் என்று. பக்கத்து ஊர்களிலிருந்து பஸ் வைத்து வருகிறார்கள். சுற்றுவட்டாரத்தில் எல்லா அரங்குகளும் சினிமாவாகிவிட்டன. எங்களுடையது மட்டும் நிற்கிறது. பதினெட்டு வருடம். ஒவ்வொரு வருடமும் இர்மா அந்த நேரத்தில் பொந்தில் இருக்க மறுப்பாள். ஒவ்வொரு வருடமும் மறுநாள் வினிகரோடு வருவாள். நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை. ஷூவைக் கழுவினாலும் கறை போவதில்லை. இடது ஷூவைத் தூக்கிப்போடுவேன். வலது ஷூவை யாரிடமும் கொடுக்க மனம் வரவில்லை.

போன வாரம் ப்ரீமோவின் மகளுக்குக் கல்யாணம். நானும் போயிருந்தேன். ப்ரீமோ நிறையக் குடித்திருந்தான். தோளில் கைபோட்டான்.

"மானேஜரே, ரொம்ப நாளா கேக்கணும்னு. அந்தத் தாளம் உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"எந்தத் தாளம்?"

மேஜைக்கடியில் காலால் தட்டிக் காட்டினான். டம். டம். தக்.

"அன்னிக்கு மேலேயிருந்து கேட்டுச்சே, அது நீங்க இல்லையா?" என்றேன்.

"நாங்களா? நாங்க மூச்சு விடாம உக்காந்திருந்தோம். ஒருத்தன் கால் அசையல. நீங்கதான் ஆடுனீங்க. நான் பயந்துட்டேன், உங்ககிட்டே சொல்றதுக்கென்ன. அது எங்கப்பாவோட மிதி. அவருக்கு இடது கால் கொஞ்சம் குட்டை."

அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்றாம் வருடம், இதே திருநாள். டெனர் வரவில்லை. அப்போதைய மானேஜர் திரைக்கு முன்னால் வந்து அறிவித்தார். அதற்கு முன்னால் ஊரில் வேலைநிறுத்தம் நடந்திருந்தது. மானேஜர் மேடை வேலையாட்கள் பாதிப் பேரைத் துரத்தியிருந்தார். மிச்சம் இருந்தவர்கள் அவருக்குப் பின்னால் இரும்புத் திரையை இறக்கிவிட்டார்கள். மேல்மாடம் கீழே இறங்கியது. அவர் பொந்துக்குள் குதித்தார். மேடைக்கடியில் இருந்தவன் பயத்தில் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டான். மேலே ஏறி வர விளிம்பைப் பிடித்தார். ப்ரீமோவின் அப்பா அந்த விரல்கள் மேல் ஏறி நின்றார்.

"யாரும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு ஊர்ல சத்தியம். அதுக்கப்புறம் எந்த மானேஜரும் வெளியே வந்ததில்ல. நீங்கதான் வந்தீங்க. வந்து, எங்கப்பா மாதிரியே மிதிச்சீங்க." கிளாஸை நிரப்பிக்கொண்டான். "அந்த மனுஷன் உடனே சாகலையாம். அப்பா சாகுறப்ப சொன்னாரு. விரல் அத்தனையும் போச்சு, அப்பவும் உள்ளே இருந்து அறிவிப்பையே சொல்லிக்கிட்டு இருந்தாராம். பெருமக்களே, ஒரு சிறிய மாற்றம்னு. மரியாதையா."

அந்தக் குரலைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. இர்மாவிடம்கூட.

வருகிற இருபத்தாறாம் தேதிக்கு எல்லா இடங்களும் விற்றுவிட்டன. சுவரொட்டியில் டெனரின் பெயருக்கு மேலே என் பெயர் இருக்கிறது. புதிய ஷூ வந்து வாசலில் கிடக்கிறது.