எலைனின் இடுப்புத் தட்டுகள்

"லெஃப்டா, ரைட்டா?"

கோரமண்டல் ஸ்டேஷன் வாசலில் கீரை வாங்கிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. கீரைக்கட்டில் இடது ஏது, வலது ஏது? எலைன் விடுவதாக இல்லை. "புள்ளய எந்தப் பக்கம் வெச்சிப்பேன்னு கேட்டேன். தோ, இப்போ லெஃப்ட்ல வெச்சிக்கினு கீற. எப்பவுமே லெஃப்டா, இல்ல கீர வாங்கறதுக்காக மாத்துனியா?"

அந்தப் பெண் குனிந்து தன் இடுப்பை யாருடையதையோ பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "லெஃப்ட்டுதான்க்கா. ரைட்ல வெச்சா அழுவுறான்."

"அப்டி சொல்லு. சனிக்கிழம எங்க வீட்டாண்ட வா. பழைய நைட்டியா பாத்து போட்டுக்கினு வா, மண்ணாவும்."

எலைன் யாரைப் பார்த்தாலும் முதலில் இடுப்பைத்தான் பார்ப்பார், முகம் அப்புறம்தான். முதல் நாள் எனக்கும் அதே மரியாதைதான் கிடைத்தது. பத்திரிகையில் எழுதுகிறவள், நாலு வார்த்தை பேட்டி எடுக்கலாம் என்று போனவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஒங்களுக்கு ரெண்டு பசங்க. ரைட் சைடு. கரெக்டா?" என்றார். சரிதான். ஆனால் பெரியவன் காலேஜுக்குப் போகிறான், எனக்கு மிஞ்சியது முதுகுவலி மட்டும் என்றேன். "புள்ள எறங்கிடும்க்கா, அது எறங்காது" என்று சொல்லி ஸ்டூலைத் தள்ளிவிட்டார்.

வயது முப்பத்தாறு. தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய பழைய மைன்ஸ் லைன் வீடு ஒன்றில் கணவர் டென்சில், எட்டு வயது மகள் ஆஷ்லி ஆகியோரோடு குடியிருக்கிறார். முன்னறையில் சோபா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மின்சாரச் சூளை ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. வருகிறவர்களுக்கு ஸ்டூல்தான். சப்பாத்திக் கட்டையால் களிமண்ணை அரை விரல் கனத்துக்குத் தேய்க்கிறார். தேய்த்ததை ஈரத்துணியோடு தாயின் இடுப்பில் ஒட்டி, பழைய துப்பட்டாவால் ஒரு கட்டு. அதன்மேல் பிள்ளை உட்கார வேண்டும். அவ்வளவுதான் வேலை. உள்பக்கம் தாயின் இடுப்பெலும்பு, வெளிப்பக்கம் பிள்ளையின் தொடை. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மண் தானாக ஒரு வடிவத்துக்கு வந்துவிடும். அதைக் கழற்றி, பிளாஸ்டிக் ஷீட் போர்த்தி நிதானமாக உலர்த்தி, பிறகு சுட்டால் ஒரு தட்டு.

அந்தத் தட்டில் சோறு போட முடியாது. பூ வைக்க முடியாது. எதற்கு இது என்று யாராவது கேட்டால் எலைனுக்குச் சுருக்கென்று கோபம் வரும். "நீ புள்ளய தூக்கிக்கினு கால் கடுக்க நின்னியே, அது எதுக்கு? அதுக்குத்தான் இதுவும்" என்பார்.

சூளை போடுவது ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும். ஊரே மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போயிருக்கும். அந்த நேரத்தில் யார் வீட்டிலும் இஸ்திரிப் பெட்டி ஓடாது, மோட்டார் ஓடாது, அதனால் கரண்ட் ஆடாமல் நிற்கும். எலைன் சனிக்கிழமை சாயங்காலப் பூசைக்கே போய்விட்டு வந்துவிடுகிறார். சூளை ஆறும்வரை வீட்டில் யாரும் அதைப் பற்றி நல்லதும் பேசக்கூடாது, கெட்டதும் பேசக்கூடாது. "கேஜ் மேல வர்ற வரைக்கும் ஷிஃப்ட்டு முடிஞ்சிச்சுன்னு சொல்லக்கூடாதுன்னு எங்கப்பா சொல்லுவாரு. இதுவும் அப்டித்தான்" என்கிறார். அப்பா, கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறி இறங்கிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்.

முதன்முதலில் இடுப்பு கொடுத்தவர் பக்கத்துத் தெரு மமதா. சூளையிலிருந்து வந்த தட்டைக் கையில் வாங்கியதும் அவர் ஒரே கூச்சல். "அய்யய்யோ, என் புள்ள இளச்சிப் போய்ட்டானே! எவளோ கண்ணு போட்டுட்டா!" அன்று சாயங்காலமே உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாகிவிட்டது. பையனுக்கா தட்டுக்கா என்று கேட்டேன். இரண்டுக்கும் சேர்த்துத்தானாம். மண் காயும்போது சுருங்கும், சுடும்போது இன்னும் சுருங்கும் என்பதை எலைன் சொல்ல மறந்திருந்தார். மறுநாள் போய், "இது இந்த வருசத்துப் புள்ள இல்ல மமதா. போன வருசத்துப் புள்ளன்னு வெச்சிக்க" என்று சமாதானம் சொல்லியிருக்கிறார். மமதா தட்டின் குழியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "ஆமா இல்ல? போன வருசம் இவ்ளோதான் இருந்தான்" என்றவர், அதை முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு வருகிற தாய்மார்கள் எல்லாம், இன்னும் கொஞ்சம் சுருங்குமா என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ஆட்டோ ஓட்டும் சம்பங்கி ஒருநாள் மகளைத் தூக்கிக்கொண்டு வந்து, அப்பனுக்கு மட்டும் இடுப்பு கிடையாதா என்று சண்டைக்கு நின்றார். நியாயம்தானே! எலைனும் மண்ணைக் கட்டினார். பிள்ளை வழுக்கிக்கொண்டு வந்து தொப்பையின் மேல் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டது. சம்பங்கிக்குத் தட்டு வரவில்லை, கிண்ணம்தான் வந்தது. அதைப் பெருமையாக ஆட்டோவில் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திரிகிறார்.

எந்தத் தாய்க்கும் தெரியாத ஒன்று எலைனுக்குத் தெரியும். பயமில்லாமல் உட்கார்கிற பிள்ளை மண்ணில் ஆழமாக இறங்கும். கூச்சப்படுகிற பிள்ளை தன் பாரத்தைத் தானே பிடித்துக்கொள்ளும், மண்ணில் லேசான பள்ளம்தான் விழும். இதை அவர் யாரிடமும் சொல்வதில்லை. என்னிடம் சொன்னபோது ஆஷ்லி வீட்டில் இல்லை.

ஆஷ்லி பிறந்த கையோடு எலைன் வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. பெங்களூரில் ஒரு பீங்கான் பட்டறை, கப்புகளுக்குக் காது ஒட்டுகிற வேலை. விடியுமுன் கிளம்புகிற ரயிலைப் பிடித்தால்தான் நேரத்துக்குப் போக முடியும். இங்கே பாதி ஊர் அப்படித்தான் பிழைக்கிறது. போகும்போது பிள்ளை தூங்கும், வரும்போதும் தூங்கும். இதே ஊரில் பாலகாட் பகுதியிலிருக்கும் டென்சிலின் அக்கா ஐடாதான் ஆஷ்லியை வளர்த்தார். மூன்று வயதில் ஆஷ்லி தன் தாயை யாருக்கோ இப்படி அறிமுகப்படுத்தினாளாம்: "இவங்க ஞாயித்துக்கெழம ஆன்ட்டி." எல்லோரும் சிரித்தார்கள், எலைனும் சிரித்தார். சிரித்துவிட்டுக் குழாயடிக்குப் போய்த் துவைத்த துணியையே மறுபடி துவைத்திருக்கிறார்.

கொரோனா காலத்தில் பட்டறையை மூடினார்கள். பழைய சூளையை மட்டும் விலை பேசி வாங்கிக்கொண்டு எலைன் வீடு திரும்பினார். அப்போது ஆஷ்லி இடுப்பில் உட்காரும் வயதைக் கடந்துகொண்டிருந்தாள்.

போன வருடம் ஐடா தன் இடுப்புக்கும் ஒரு தட்டு வேண்டும் என்று ஆசையாக வந்தார். உட்காரப் பிள்ளை வேண்டுமே! ஆஷ்லி ஒரே தாவலில் அத்தையின் இடுப்பில் ஏறிக்கொண்டாள். "அவ்ளோ ஆழம்க்கா. நான் எடுத்ததுலயே அதான் ஃபர்ஸ்ட் கிளாஸ் பீஸு" என்று சொல்லும்போது எலைனின் குரல் இறங்கிவிட்டது. "பொறாம இல்லன்னு சொன்னா பொய்யி. வயிறு எரிஞ்சிச்சு. அண்ணி நல்லவங்க, எம்புள்ளய ராணி மாரி வளத்தவங்க. அதெல்லாம் தெரியும். தெரிஞ்சும் எரிஞ்சிச்சு." அந்தத் தட்டு இப்போது முன்னறைச் சுவரில் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் தொங்குகிறது. கீழே, 'ஐடா, ஆஷ்லி' என்று எலைனே எழுதி ஒட்டியிருக்கிறார்.

தாயின் இடுப்புக்கு மட்டும் ஆஷ்லி மசியவில்லை. "நான் இன்னா பேபியா? ஸ்கூல்ல தெரிஞ்சா சிரிப்பாங்க" என்பாள். எலைன் அதட்டிப் பார்த்தார், கெஞ்சியும் பார்த்தார். பிரியாணிக்குக்கூட மயங்கவில்லை அந்தப் பெண். டென்சில் வேறு, "வெயிட்டா கீறா எலைன், இடுப்பு புட்டுக்கும்" என்று பயமுறுத்தினார். அதுதான் எலைனுக்கு ஒரே கவலை. "இன்னும் ஒரு வருசம் போனா என்னால அவள தூக்க முடியாதுக்கா. அதுக்கப்புறம் எப்பவுமே இல்ல. இடுப்புல புள்ளய வெச்சிக்கினு ஊரெல்லாம் தேடுனாளாம்னு சொல்லுவாங்களே, என் கத அதுக்கு நேர்மாறு. ஊரு இடுப்புல எல்லாம் புள்ள கீது, என் இடுப்புதான் காலி."

இந்த நேரத்தில் பெங்களூரில் ஒரு கண்காட்சி ஏற்பாடாயிற்று. தாய்மையைப் பற்றி மூன்று பெண்கள். ஒருவர் பிரசவத்துக்குப் பிறகான தன் வயிற்றின் கோடுகளை வரைந்துகொண்டிருக்கும் ஓவியர். இன்னொருவர் கரோலின், காலை ரயிலில் தூங்கிப் போகும் பெண்களின் வெறும் மடிகளைப் புகைப்படம் எடுக்கிறவர். மூன்றாவது எலைன். சுவரின் நடுவில் அவரவர் சொந்த வாழ்க்கையிலிருந்து ஒரு படைப்பு வரவேண்டும் என்று முடிவு செய்திருந்தார்கள். உங்களுடையது எங்கே என்று வீட்டுக்கு வந்த கரோலின் கேட்டபோது, "வரும், வரும்" என்று எலைன் சமாளித்தார். ஆஷ்லி பக்கத்து அறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

அடுத்த சனிக்கிழமை நடந்ததை எலைன் எனக்குப் போனில்தான் சொன்னார். குளித்து வந்த ஆஷ்லி நேராகப் போய்க் கதவைத் தாழிட்டாள், ஜன்னலைச் சாத்தினாள். "எனக்கும் பண்ணு. போட்டோ எடுக்காத. யாரையும் கூப்டாத. சீக்கிரம் முடி" என்று உத்தரவு. எலைன் அவசரத்தில் மண்ணை மெலிதாகத் தேய்த்துவிட்டு, மறுபடி உருட்டித் தேய்த்தார். துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்றார். ஆஷ்லி ஸ்டூல்மேல் ஏறி, அங்கிருந்து இடுப்பில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தாளே தவிர, ஒரு கால் ஸ்டூலில் ஊன்றியபடியே இருந்தது. உடம்பு பலகை மாதிரி விறைத்துக்கொண்டிருந்தது.

"பாரத்த குடுக்கவே இல்லக்கா. மண்ணுல ஒண்ணுமே வுழாதுன்னு எனக்குத் தெரியும். கால எடுன்னு சொல்லலாம். சொல்லல. வாய மூடிக்கினு நின்னேன். எவ்ளோ நேரமோ. இடுப்பு கழண்டுடும் போல வலி. அப்புறம் மெதுவா கால எடுத்தா. எடுத்துட்டு தலைய எந்தோள்ல சாச்சா. மொத்த பாரமும் எம்மேல எறங்கிச்சு. அம்மா, ஒனக்கு வலிக்குதான்னு கேட்டா." வலிக்கிறதா என்பதற்கு என்ன பதில் சொன்னீர்கள் என்று கேட்டேன். "இல்லன்னு சொன்னேன். பொய்யி."

தட்டு காய இரண்டு வாரம். இரண்டாவது வெள்ளிக்கிழமை நானே போயிருந்தேன். வரப்போகிற ஞாயிறுதான் கண்காட்சிக்கு முந்தைய கடைசி ஞாயிறு. அன்று சூளைக்குள் போகிறவை மட்டும்தான் பெங்களூர் போகிற வேனில் ஏறும். எலைன் தரையில் உட்கார்ந்து, காய்ந்த தட்டுகளை ஒவ்வொன்றாக விரலால் சுண்டிச் சத்தம் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டேஷனில் பிடித்தாரே, கீரை வாங்கிய அந்தப் பெண்ணின் தட்டு டொக்கென்றது. விளிம்பில் கீறல். பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியில் அதைப் போட்டார். கண்ணெதிரே ஓரம் கரைந்து குழம்பாயிற்று. "சுடாத மண்ணுல இதான் வசதி. திரும்பவும் தேச்சி, திரும்பவும் கட்டலாம். பாவம், அந்தப் பொண்ணு இன்னொரு வாட்டி வரணும்."

கடைசியாக ஆஷ்லி உட்கார்ந்த தட்டு. சுண்டினார். கணீரென்றது. ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மயிரிழை அளவுகூடக் கீறல் இல்லை. ஐடாவின் தட்டைவிட ஆழம். எலைன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. "ஃபர்ஸ்ட் கிளாஸ்க்கா" என்றார், சத்தமே வராமல்.

அப்போது ஸ்கூல் பையோடு ஆஷ்லி வாசலில் வந்து நின்றாள். தொட்டியில் கரைகிற தட்டைப் பார்த்தாள். தாயின் கையில் இருப்பதையும் பார்த்தாள்.

"என்னுதும் கீறல் வுட்டுடுச்சா?"

"ஏன்டி?"

"சும்மாதான்." குனிந்து ஷூ லேஸை அவிழ்க்க ஆரம்பித்தாள். அது ஏற்கெனவே அவிழ்ந்துதான் கிடந்தது. "வுட்டிருந்தா இன்னொரு வாட்டி ஒக்காரணுமா?"

எலைன் மகளின் குனிந்த தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, வாயைத் திறந்துவிடாதே என்பதுபோல என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"ஆமாண்டி, வுட்டுடுச்சு" என்று சொல்லி, அந்தத் தட்டை இரண்டு கைகளாலும் தொட்டித் தண்ணீருக்குள் மெதுவாக இறக்கினார்.