முழங்காலைக் கேட்டேன், அம்மன் சீட்டைக் கொடுத்தாள்

நம் காளியம்மனை நம்பியிருக்கும் அத்தனை பேருக்கும் என் வணக்கம். நான் ஒரு பெண் காவலர். கடற்கரையோரக் காவல் நிலையம் ஒன்றில் வேலை. என் முழங்கால் போன கதையை இன்று சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். போன ஆடியில் சிரிக்கவில்லை.

காவல்துறை விளையாட்டுப் போட்டியில் கபடி ஆடினேன். பாடிப் போன என்னை நான்கு பேர் மடக்கிப் பிடித்தார்கள். முழங்காலில் தசைநார் அறுந்துவிட்டது. மதுரையில் அறுவை சிகிச்சை. ஐந்து மாதம் ஓய்வு வேண்டும் என்றார் டாக்டர். அந்த விடுப்பைக் கேட்டபோதுதான் தலையில் இடி விழுந்தது.

போட்டிக்கு முன்னால் நான் மரியாதையாக, "விளையாடப் போக அனுமதி வேண்டும்" என்று எழுதிக் கொடுத்திருந்தேன். அந்த ஒரு சொல் என்னைக் கவிழ்த்தது. அனுமதி கேட்டதால் சொந்த விருப்பத்தில் போனேனாம். பணியில் பட்ட காயம் இல்லையாம். கையில் இருக்கும் விடுப்பு தீர்ந்தால் சம்பளம் கிடையாது. கால் சரியாகாமல் வேலையை விட நேர்ந்தால் காயத்துக்கான ஓய்வூதியமும் கிடையாது. "வெளையாட்டு வெனையாயிருச்சே" என்று அம்மா அழுதாள். எனக்கு வயது முப்பத்தொன்றுதான். பயந்துவிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை கம்பை ஊன்றிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். "தாயே, என் காலைக் கொடு" என்று வாய்விட்டுக் கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், எங்கள் நிலையத்தில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டராக இருந்த ஏட்டையா நிற்கிறார். தொண்டிப் பக்கம் மாறுதலாகிப் போனவர். மகளின் கல்யாணப் பத்திரிகையை அம்மன் காலடியில் வைக்க வந்திருந்தார்.

"என்னத்தா இது கோலம்?" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அட கூறுகெட்டவளே! நீ கடுதாசில என்னத்த எழுதுனா என்ன? பாஸ்போர்ட் போட்டு அனுப்புனது நான்தானத்தா. அடிக்கட்டை அங்கனதான் கெடக்கும். போய்ப் பாக்கச் சொல்லு!"

பாஸ்போர்ட் என்றால், காவலரை வெளியூர்ப் பணிக்கு அனுப்பும்போது நிலையத்தில் எழுதித் தரும் சீட்டு. என்னுடையது ஆஸ்பத்திரி அலைச்சலில் தொலைந்துபோனது. அப்படி ஒன்று இருந்த நினைவே எனக்கு இல்லை. மறுநாளே நிலையத்தில் தேடினார்கள். சீட்டைக் கிழித்த பிறகு புத்தகத்தில் நிற்கும் அடிக்கட்டையில் ஏட்டையாவின் கோழிக்கிறுக்கல்: "கபடிப் போட்டிப் பணிக்கு." பணி! சின்னப்பிள்ளை மாதிரி கத்திவிட்டேன்.

மூன்றாம் வாரம் உத்தரவு வந்தது. பணியில் பட்ட காயம்தான். முழுச் சம்பளத்தோடு சிறப்பு விடுப்பு. காலும் தேறியது. தை மாதம் வேலையில் சேர்ந்துவிட்டேன்.

நான் காலைக் கேட்டேன். அவள் முதலில் சீட்டைக் கொடுத்தாள், பிறகு காலைக் கொடுத்தாள். எது முந்தி வேண்டும் என்று அவளுக்குத்தான் தெரிந்திருக்கிறது. இப்போது எங்கள் நிலையத்துப் பெண் பிள்ளைகள் யார் விளையாடப் போனாலும் வாசலில் மறித்து, "பாஸ்போர்ட் வாங்கிட்டியாடி?" என்கிறேன். கிண்டல் செய்கிறார்கள். செய்யட்டும்.

தவிப்பில் இருப்பவர்களே, வெட்கப்படாமல் அவளிடம் வாய்விட்டுக் கேளுங்கள். கேட்டுவிட்டுத் திரும்பிப் பாருங்கள். யாரை அனுப்பியிருக்கிறாள் என்று தெரியும்.