உட்கார்ந்து செய்யும் வேலை

பிள்ளைகளா, உங்க அம்மா சோம்பல்பட்டு வேலையை விட்டுட்டா என்று லயத்து வரிசை வீடுகளில் சிலர் பேசுவது உங்கள் காதிலும் விழுந்திருக்கும். நடந்ததை எழுதுகிறேன்.

தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு மலை இறங்கும்போதுதான் அம்மாவுக்கு முழங்கால் வலி தொடங்கியது. நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்குவாள். தோட்டத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அங்கே மருந்து கொடுப்பவரை நாங்கள் டாக்டர் ஐயா என்போம்.

"தேய்மானம். வயசானா வரும். மலை ஏறாம இரு" என்றார், தலை நிமிராமலே.

"நான் ஏறாட்டி கொழுந்து எறங்கி வருமாங்கய்யா?"

வரிசையில் நின்ற பொம்பளைகள் சிரித்தார்கள். ஐயாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே வலி மாத்திரையை உறையில் போட்டார். மாத்திரை போட்டால் அன்றைக்கு வலி அடங்கும். அந்தக் காலோடு மறுபடி மலை ஏறுவாள். வருஷக்கணக்கில் இதுதான் வைத்தியம். வயிறு எரிந்தது. அதற்கும் ஒரு மாத்திரை கொடுத்தார்.

கடைசியில், இவளுக்கு லேசான வேலை கொடுங்க என்று கண்டாக்கையாவிடம் சொல்லிவிட்டார். வேலை பிரித்துக் கொடுப்பது கண்டாக்கையாதான். அவர் தேயிலைக் கன்று வளர்க்கிற நர்சரிக்கு அனுப்பினார்.

"உக்காந்து செய்யிற வேலை. ராணி மாதிரி இருக்கலாம்."

எங்களுக்கும் சந்தோஷம்தான். ஆனால் அங்கே உட்காருவது என்றால் குந்தி இருப்பது. விடிந்ததிலிருந்து குந்தியபடியே பைகளில் மண் நிரப்ப வேண்டும். மலையில் நின்ற கால், நர்சரியில் மடங்கிக் கிடந்தது. சில மாதத்தில் யாராவது கை கொடுத்துத் தூக்கினால்தான் எழும்புவாள்.

பிறகு பஸ் ஏறி டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே பயிற்சி சொல்லிக் கொடுக்கிற சிங்களப் பிள்ளை ஒருத்தி, தெரிந்த தமிழில் கேட்டாள்.

"அம்மா, என்ன வேலை? எப்படி செய்றது? காட்டுங்க."

அத்தனை வருஷத்தில் அதை யாரும் கேட்டதில்லை. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு குந்திக் காட்டினாள்.

"ஐயோ, அப்படி வேணாம்!" என்று அந்தப் பிள்ளை ஓடிவந்து தூக்கினாள். தொடையை அமுக்கிப் பார்த்து, சதை வற்றிப்போச்சு, முழங்காலைத் தாங்குறதே இந்தச் சதைதான் என்றாள். கதிரையில் உட்கார்ந்து காலை நீட்டிப் பிடித்து மெதுவாக இறக்கச் சொல்லிக் கொடுத்தாள். வேலைக்கு ஒரு முக்காலி வைத்துக்கொள்ளச் சொன்னாள். இவ்வளவுதான். தோட்டத்திலேயே சொல்லியிருக்கலாம்.

பயிற்சியில் கொஞ்சம் கொஞ்சமாக வலி குறைந்தது. முக்காலிக்குப் பதில் வீட்டிலிருந்த பெயின்ட் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து மண் நிரப்பினாள். கண்டாக்கையா பார்த்துவிட்டார்.

"இன்னைக்கு வாளி, நாளைக்கு எல்லாரும் கட்டில் கேப்பீங்க. எடு அதை."

டாக்டர் ஐயாவிடம் ஓடினேன், ஒரு வார்த்தை சொல்லுங்க என்று. "மருந்து குடுக்கிறதுதாம்ப்பா என் வேலை. அங்க நான் என்ன சொல்றது?" என்று உறையை நீட்டினார். லேசான வேலை கொடுக்கச் சொன்ன அதே வாய்.

திரும்பி வந்தபோது அம்மா வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு கண்டாக்கையா முன்னால் நின்றாள்.

"வேலைப் பதிவுல என் பேரை வெட்டிடுங்கய்யா. இருக்கிற காலையாவது வீட்டுக்குக் கொண்டு போறேன்" என்றாள்.

நர்சரியில் குந்தியிருந்தவர்களில் ஒருத்திகூட நிமிரவில்லை. அம்மா இருந்த இடத்துக்கு மறுநாள் வேறொருத்தியை அனுப்பினார்கள். அவளுக்கும் முழங்கால் வலிதான்.