அம்மா பார்த்த முழுப்படம்

என் அம்மா சினிமா தியேட்டரில் வேலை பார்க்கிறாள் என்று சொன்னால் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "அப்போ எல்லாப் படமும் ஓசியில பார்த்துடுவாங்களா?" எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அம்மா நிற்பது கேன்டீன் கவுண்டரில். உள்ளே படம் ஓடும்போதுதான் அவள் பாப்கார்ன் பொரிக்க வேண்டும், பால் காய்ச்ச வேண்டும், காகிதக் கப்புகளை அடுக்க வேண்டும். இடைவேளை மணி அடித்தால் மொத்தக் கூட்டமும் கவுண்டரில் வந்து விழும். அவர்கள் திரும்பிப் போன பிறகு சிந்தியதையெல்லாம் துடைக்க வேண்டும். இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து அவள் ஒரு படத்தையும் முழுசாகப் பார்த்ததில்லை. அதற்கு முன்னால் அப்பா பார்க்க விட்டதில்லை.

ஆனால் தீர்ப்பு சொல்லாமல் அவள் விட்ட படம் கிடையாது. கவுண்டருக்கு நேர் எதிரே ஹாலின் கதவு. அதன் வழியாக வரும் சத்தம் போதும் அவளுக்கு. "டைரக்டர் பேட்டியில ஆயிரம் சொல்லுவான். ஜனங்க எந்த இடத்துல கைதட்டுறாங்கன்னு கேளு, அவன் யாரு பக்கம்னு தெரிஞ்சுடும்" என்பாள். தியேட்டரில் எல்லாருக்கும் அவள் ஜட்ஜம்மா. மேனேஜரே வந்து, "ஜட்ஜம்மா, இது ஓடுமா?" என்று கேட்பார். "ஓடும் சார். ஓடறதெல்லாம் நல்ல படமா?" என்று சொல்லிவிட்டுப் பால் பாத்திரத்தைத் தேய்க்கப் போய்விடுவாள்.

ஆட்களை அவள் முகத்தால் நினைவு வைப்பதில்லை. அத்தனை கைகள் நீளும்போது முகத்தை யார் பார்ப்பது? கேட்கிற பொருள்தான் பெயர். ஒரே பாட்டிலை இரண்டு பேராகக் குடிக்கிற ஜோடிக்கு 'ரெண்டு ஸ்ட்ரா'. "இந்த வாரம் ரெண்டு ஸ்ட்ரா தனித்தனி பாட்டில் வாங்கிச்சுங்க, ஏதோ சண்டை" என்று வீட்டில் வந்து கவலைப்படுவாள். கூட்டத்தில் நிற்கச் சோம்பேறித்தனப்பட்டோ என்னவோ, மணி அடிக்கும் முன்பே வந்து நிற்கிற ஒருவனுக்கு 'வெண்ணெய் வேணாம்'.

இந்த வருடம் அந்தப் படம் வந்தது. வந்தது என்ன, வந்து உட்கார்ந்துகொண்டது. வேறு படமே போடவில்லை. இடைவேளைக்குச் சற்று முன்னால் கதாநாயகன், எதிர்த்துப் பேசிய மனைவியை எல்லார் முன்னிலையிலும் கன்னத்தில் அறைகிறான். ஹாலே எழுந்து நின்று விசிலடிக்கும். தினமும், ஒவ்வொரு காட்சிக்கும். போதாக்குறைக்கு டைரக்டர் டிவியில் வந்து, "வீடுன்னா ஒரு கை ஓங்கித்தான் இருக்கணும், நாடும் அப்படித்தான்" என்று பேசி, அதற்கும் கைதட்டல் வாங்கினார். விசில் கேட்கும்போதெல்லாம் அம்மா தலையைக் குனிந்துகொண்டு வேலையை மட்டும் பார்ப்பாள். "உங்கப்பா என்னை வாசல்ல வெச்சு அடிச்சப்போ சுத்தி நின்னவங்க யாரும் விசில் அடிக்கல. அவ்வளவுதான் வித்தியாசம்" என்றாள் ஒரு நாள். அப்பா எங்களை விட்டுப் போய் வெகு காலம் ஆகிறது.

நேரம் பார்த்து அந்தச் சமயத்தில்தான் நான் கட்டிக்கொள்ள நினைத்தவரை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அவர் லிஃப்ட் மெக்கானிக். நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடை மேல்மாடியில். லிஃப்ட் கெட்டுப்போகாத வாரங்களில் என் முகம் வாடிக் கிடக்கும். அம்மாவுக்கு அவரைப் பிடித்துத்தான் இருந்தது. காபி கொடுத்தாள், வேலையைப் பற்றி விசாரித்தாள். மனுஷன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அம்மாவைச் சந்தோஷப்படுத்துகிறாராம்.

"மேடம், உங்க தியேட்டர்லதான் அந்தப் படத்தை அஞ்சு தடவை பார்த்தேன்!"

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அப்படியா" என்றாள் அம்மா. காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை திரும்பியதும், "வேண்டாம்" என்றாள்.

"என்னம்மா வேண்டாம்?"

"அஞ்சு தடவை விசிலடிச்சவன் வீட்டுக்கு உன்னை அனுப்ப மாட்டேன்."

"நீ அந்தப் படத்தைப் பார்த்தியா?"

"கேட்டேன். போதும்."

"கதவுக்கு வெளிய நின்னுக்கிட்டே ஒரு ஆளைத் தூக்குல போடுவியா?" என்று கத்தினேன். "நீ வேண்டான்னா நான் கட்டிக்க மாட்டேன். ஆனா பார்த்துட்டு சொல்லு. அவரைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு முழுசா பார்த்துட்டு சொல்லு!"

கோபத்தில் சொன்னதுதான். சொன்ன பிறகுதான் பயம் பிடித்துக்கொண்டது, ஏனென்றால் அது சத்தியமான வார்த்தை. அம்மா வேண்டாம் என்றால் நான் கட்டிக்கொள்ள மாட்டேன். அந்த இடத்தில் நீங்கள் விசிலடித்தீர்களா என்று அவரை நானே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வது?

அம்மா ஒத்துக்கொண்டாள். ஜட்ஜம்மா படம் பார்க்கப் போகிறாள் என்றதும் டிக்கெட் கிழிக்கிறவர் முதல் மேனேஜர் வரை வந்து வேடிக்கை பார்த்தார்கள். நல்ல புடவை கட்டிக்கொண்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சைக்குப் போகிறவள் மாதிரி உள்ளே போனாள். அவர் பின்னால் போனார். அம்மாவுக்குப் பதிலாகக் கவுண்டரில் நான்.

படம் பாட்டுக்கு ஓடியது. நான் பொரித்தேன், காய்ச்சினேன், அடுக்கினேன். கதவுக்குப் பின்னால் கைதட்டல் வந்து வந்து அடங்கியது. அப்புறம் அந்த விசில் கிளம்பியது. அடுக்கிய கப்புகளையே நான் திரும்ப அடுக்கினேன். உள்ளே அந்த நேரத்தில் நடந்ததை இரண்டு பேருமே பிறகு சொன்னார்கள். நல்லவேளை, இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள்.

விசில் ஆரம்பிக்கும்போதே அவர் பாதி எழுந்துவிட்டார். அம்மா சட்டைக் கையைப் பிடித்தாள்.

"எங்க போறே?"

"பாப்கார்ன் வாங்க, மேடம். அப்புறம் கூட்டம் வந்துடும்."

"உக்காரு. பார்த்துட்டுப் போ."

அவர் உட்கார்ந்தார். சுற்றிலும் எல்லாரும் எழுந்து நின்று ஆட, அவர் குனிந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். மணி அடித்து விளக்கு எரிந்தது. அம்மா விடவில்லை.

"எல்லாரும் எந்திரிச்சு நின்னாங்க. நீ ஏன் தலையைக் குனிஞ்சுக்கிட்டே?"

"முதல் தடவை பார்த்தேன், மேடம். என்னமோ மாதிரி ஆயிடுச்சு. கூட வந்தவனுங்க ஆடுறானுங்க. நான் மட்டும் உக்காந்திருந்தா ஏண்டான்னு கேப்பானுங்க. எனக்கு வாதாட வராது. அதனால அடுத்த தடவையில இருந்து அந்த சீன் வர்றப்போ, பாப்கார்ன் வாங்கறேன்னு வெளிய போயிடுவேன்."

"பிடிக்கலன்னா எதுக்குத் திரும்பத் திரும்ப வந்தே?"

"கடைசியில லிஃப்டுக்குள்ள ஒரு சண்டை இருக்கு, மேடம். கயிறு எப்படி இழுபடும், எங்க வழுக்கும், அவ்வளவும் சரியா எடுத்திருக்காங்க. அதுக்குத்தான்."

அம்மா நம்பினாளோ இல்லையோ, ஒரு கேள்வி கேட்டாள்.

"பாப்கார்ன் எப்படி கேட்டு வாங்குவே?"

"சின்னது ஒண்ணு, மேடம். வெண்ணெய் வேணாம்னு சொல்லுவேன்."

அம்மா திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். "அது நீயா!"

முதல் தடவைக்குப் பிறகு, உள்ளே விசில் பறந்த நேரத்திலெல்லாம் அவர் அவளுக்கு எதிரேதான் நின்றிருக்கிறார். நீட்டிய கையில் பாப்கார்னை வைத்தவள் அவளேதான். அதற்கு மேல் வேறு யாரிடம் போய் சாட்சி கேட்பது? ஆனாலும் சும்மா விடுகிறவளா? "வெளிய வந்து ஒளிஞ்சுக்கிட்டா ஆச்சா? இனிமே உள்ளயே உக்காந்து, எனக்குப் பிடிக்கலடான்னு சொல்லு" என்று ஒரு பிடி பிடித்திருக்கிறாள்.

இது எதுவும் கவுண்டரில் எனக்குத் தெரியாது. கூட்டம் வந்து மோதியது. கேட்டது ஒன்று, நான் கொடுத்தது ஒன்று. கண் மட்டும் கதவிலேயே இருந்தது. இரண்டு பேரும் வரவில்லை. அடுத்த மணியும் அடித்தது, எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள். காலிக் கப்புகளும் நானும்தான் மிச்சம். அப்போது கதவு திறந்தது. அவர் மட்டும் வந்தார். அம்மா இல்லை. முடிந்தது கதை என்று நினைத்தேன்.

"ஒரு காபி. சர்க்கரை கம்மியா" என்றார். "அத்தைக்கு."

"யாருக்கு?"

"அத்தைக்கு. இனிமே மேடம்னு கூப்பிட்டா காது கேக்காதாம்."

வயிற்றில் பால் வார்த்தார் மனுஷன். நான் அழுதேனா சிரித்தேனா தெரியவில்லை, காபி பாதி மேஜையில் கொட்டியது. இன்னொரு கப் ஊற்றினேன், அதுவும் ததும்பியது. அவர் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, இரண்டு கையாலும் கப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உள்ளே போனார்.

படம் முடிந்து அம்மா வெளியே வந்தபோது மேனேஜர் காத்திருந்தார். "ஜட்ஜம்மா, தீர்ப்பு?"

"வெளிய கேட்டதுதான் சார் உள்ளயும். ரெண்டாம் பாதி இன்னும் கொடுமை. அறை வாங்கினவளே வந்து மன்னிப்பு கேக்கறா. அந்த டைரக்டருக்கு ஒரு பொண்ணு இருந்தா தெரியும்." கொஞ்சம் யோசித்தாள். "லிஃப்ட் சண்டை மட்டும் பரவாயில்ல."

"நான் சொன்னேன்ல, அத்தை?" என்றார் அவர்.

"அதுக்காக அஞ்சு தடவையா?" என்று சொல்லிக்கொண்டே கவுண்டருக்குள் வந்து, நல்ல புடவையோடே என் கையிலிருந்த துணியைப் பிடுங்கினாள். நான் சிந்தி வைத்திருந்ததையெல்லாம் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு குளிர்பெட்டியைத் திறந்து ஒரு பாட்டில் எடுத்தாள். மூடியைத் திறந்து, அதில் இரண்டு ஸ்ட்ராவைப் போட்டு எங்கள் பக்கம் நகர்த்தினாள்.

"அடுத்த ஷோவுக்கு ஆள் வந்துடும். அந்தப் பக்கம் நின்னு குடிங்க."