பேதுருவுக்கு என் முகம்

புனித பேதுருவின் சிலைக்கு என் முகத்தையே அச்செடுத்து வைத்தவன் நான். சிரித்துவிடுங்கள். பிறகு சிரிக்க இடம் இருக்காது...

மூக்குத் துளைகளில் உறிஞ்சுகுழல்களைச் செருகி, முகமெங்கும் பிளாஸ்டர் பூசிக்கொண்டு, குளியலறைத் தரையில் மல்லாந்து கிடந்தேன். ஐம்பது வயது! தொப்பை வேறு! மனைவி ஸ்டெல்லா கதவைத் திறந்து பார்த்தாள். அப்படியே மூடிவிட்டுப் போனாள்.

காசிமேட்டில் ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப் போடுவது என் தொழில். வீடு திருவொற்றியூரில். எங்கள் கோயில் திருவிழாவுக்கு ஆளுயரச் சிலை செய்ய ஒத்துக்கொண்டேன். படகைப் போல மெல்லிய ஓடாகச் செய்தால் போதும் என்றார் பங்குத்தந்தை. எனக்குப் போதவில்லை. என் முகத்துக்குப் பின்னால் வெற்றிடமா? உள்ளே முழுக்கப் படகுக்குப் பூசும் ரெசின் பிசின், ஒரே வார்ப்பு என்று முடிவு செய்தேன்.

எனக்குத் தெரியாத ரெசினா... என்ற திமிர். படகில் போடும் ஒட்டு நகத்தின் கனம்தான். ரெசின் இறுகும்போது பிறக்கும் சூடு காற்றோடு போய்விடும். மழைக்காலத்தில், சீக்கிரம் இறுகட்டும் என்று மருந்தைக் கொஞ்சம் கூட்டிக் கலப்போம். அதே கை, அதே அளவு! மொட்டைமாடி அறையில் ஒரு பீப்பாய் ரெசினை ஒரே மூச்சில் அச்சுக்குள் ஊற்றினேன். சிலையின் நெஞ்சுக்குள் பிறந்த சூட்டுக்கு வெளியேற வழியே இல்லை. கொதித்தது. படார் படாரென்று பிளந்தது. கண்ணைப் பிடுங்கும் புகை.

அந்த அறைக்கு இரண்டு ஜன்னல்கள். ஒன்று தெருப் பக்கம். மற்றொன்று அடுத்த வீட்டு மனோகரின் புறாக்கூண்டுப் பக்கம்.

மனோகருக்கும் எனக்கும் ஆகாது. அவனுடைய பந்தயப் புறாக்கள் எங்கள் துணிகளின் மேல் எச்சமிடும், நான் கல்லெடுப்பேன், அவன் என் பரம்பரையையே இழுத்துத் திட்டுவான்.

தெரு ஜன்னலைத் திறந்தால் ஊர் பார்த்துவிடும். கூண்டுப் பக்கத்து ஜன்னலைத் திறந்தேன். அவசரத்தில் திறந்துவிட்டேன் என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். இல்லை... கொக்கியை எடுக்கும்போதே கூண்டு பூட்டியிருப்பதைப் பார்த்தேன். சாகட்டும் என்று நினைத்தேனா? நினைக்கவில்லை என்று சத்தியம் செய்ய வாய் வரவில்லை.

ஒன்றுகூடப் பிழைக்கவில்லை.

எங்கள் தெருவுக்கு அருகே ரசாயனக் கம்பெனி இருப்பதால், நாற்றமடித்தால் யாரும் அண்டை வீட்டானைச் சந்தேகிப்பதில்லை. கம்பெனிக்காரன் விஷவாயுவை விட்டுவிட்டான் என்று ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு தெருவே கிளம்பியது. நானும் கட்டிக்கொண்டேன். மனோகர் புறாக்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொடுத்துச் சாக்கில் போட்டான். சாக்கின் ஒரு முனையை அவன் தூக்கினான்; மறுமுனையை நான் பிடித்தேன்! கம்பெனி வாசலில் அதிகம் கத்தியது யார் என்று நினைக்கிறீர்கள்? தங்களிடம் எதுவும் கசியவில்லை என்று அதிகாரி சொன்னபோது, பொய்யன் என்று அவர் முகத்துக்கு நேராக விரலை நீட்டினேன். உண்மை சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

மீஞ்சூரில் தங்கை வீட்டுக்குப் போயிருந்த ஸ்டெல்லா திரும்பியதும், அவளிடமும் கம்பெனி என்றேன். பங்குத்தந்தையிடம், ரெசின் மட்டமான சரக்கு என்றேன். பேதுருவாவது இயேசுவைத் தெரியாது என்று மூன்று முறை பொய் சொன்னதோடு நிறுத்திக்கொண்டார்.

அன்றிலிருந்து மனோகருக்கு நான் தோஸ்து. அவன் வீட்டில் வஞ்சிரம் வறுத்தால் எனக்கொரு துண்டு வரும். தின்றேன்.

சிலையைச் சம்மட்டியால் உடைத்தேன். நெஞ்சு, கால் எல்லாம் வெடித்திருக்க, முகம் மட்டும் கீறலில்லாமல் வந்திருந்தது. அதை உடைக்கக் கை வரவில்லை... பட்டறைக்குக் கொண்டுபோய், தார்ப்பாய் பறக்காமலிருக்கப் பாரமாக வைத்தேன். அப்போதும் போகாத கர்வம்!

போன வாரம் மனோகர் முதல்முறையாகப் பட்டறைக்கு வந்தான். நான் ரெசின் கலக்கிக்கொண்டிருந்தேன். வாசலிலேயே நின்று காற்றை முகர்ந்தான்; புறாக்கள் செத்த அன்று அடித்த அதே நாற்றம். தார்ப்பாயின் மேலிருந்த முகத்தைப் பார்த்தான். பிறகு என்னை.

"இன்னா மாமு இது... உன் மூஞ்சி கணக்கா கீது."

அவன் சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், ஜன்னல் உட்பட. அடிப்பான் என்று காத்திருந்தேன். அடித்திருக்கலாம்.

முகத்தைக் கையிலெடுத்து, திருப்பிப் பார்த்து, இருந்த இடத்திலேயே வைத்தான்.

"புறாவ சாவடிச்ச. சாக்க இன்னாத்துக்குடா கூட புட்ச்சிகினு வந்த?"