என் ஆத்தா கேட்டபோது விழுந்த பூ

இரண்டாம் உலக யுத்தம் தொடங்கிய மறு வருடம், தை மாதம், என் ஆத்தாளின் கன்னத்துக்குள் ஒரு புண் வந்தது. புகையிலைப் புண் என்றே இருந்துவிட்டோம். மாசியில் வாயைத் திறக்கவே முடியவில்லை. களியைக் கரைத்து ஊற்றினாலும் பாதி வழிந்தது. சேலத்தில் சொந்த ஆஸ்பத்திரி வைத்திருந்த டாக்டர் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார். "புற்று" என்றார்.

நான் லேசுப்பட்ட ஆள் இல்லை. இரண்டாம் வகுப்போடு நின்றவன், தலையில் புளி சுமந்து விற்றவன், கம்பைநல்லூரில் சொந்த மண்டி வைத்தேன். நான் பேசிய பிறகுதான் சந்தையில் புளிக்கு விலை. எனக்கு முன் அந்தச் சந்தையை ஆண்டது என் ஆத்தாளின் வாய். அந்த வாய்க்குத்தான் இப்படி.

தன்னிடம் தனி அறை உண்டு, தாடையை அறுத்து எடுக்கலாம் என்றார் டாக்டர். மதராஸ் சர்க்கார் ஆஸ்பத்திரியில் புண்ணுக்குள் ரேடியம் ஊசி செருகிவைத்துப் புற்றைக் கருக்குகிறார்கள், முடிவு உங்களுடையது என்றார். சர்க்கார் ஆஸ்பத்திரியை நாங்கள் தருமாஸ்பத்திரி என்போம். கதியற்றவர்கள் போகிற இடம், போனவர்கள் திரும்புவதில்லை என்று பேச்சு. அங்கே அனுப்பப் பயம். அறுக்கச் சொல்லவும் பயம்.

ஆத்தாளையும் கூட்டிக்கொண்டு ஊர் மாரியம்மனிடம் பூ கேட்கப் போனேன். அம்மன் தோள்களில் ஈரப் பூ ஒட்டிவைப்பார்கள். வலப்பூ விழுந்தால் சம்மதம், இடப்பூ விழுந்தால் வேண்டாம்.

"தாயே, சேலத்துக்கே கூட்டிப் போகட்டுமா?"

எதுவும் விழவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டேன். வெயில் சாய்ந்தது. வேண்டாம் என்றாவது சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பூசாரி சொன்னார்: "ஏனுங்க, கேட்டதையே கேக்கறீங்க. புளிக்குப் பேரம் பேசற மாதிரி இருக்குதுங்க."

வாயில் துண்டை அழுத்திக்கொண்டு ஆத்தா எழுந்தாள். சொல் குழறியது.

"நவுருடா, நான் கேக்கறேன். தாயி, தருமாஸ்பத்திரிக்கே போவட்டுமா? அங்க நாலு பொம்பளைங்க பக்கத்துல படுத்திருப்பாங்க. இவன் சொல்ற தனி ரூமுல நான் செத்துக் கெடந்தாலும் ஒரு நாயும் எட்டிப் பாக்காது."

வலப்பூ விழுந்தது.

மொரப்பூரில் மதராஸ் ரயில் ஏறினோம். பெண்கள் வார்டில் ஆண்கள் தங்கக் கூடாது என்று என்னை வெளியே நிறுத்திவிட்டார்கள். நாலு பேரை அதட்டியே பழகியவன், வாசல் மரத்தடியில் கிடந்தேன். பிணம் தூக்கி வரும்போதெல்லாம் காலைப் பார்ப்பேன், ஆத்தாளின் மெட்டி தெரிகிறதா என்று. "தாயே" என்பதற்கு மேல் ஒரு சொல் வராது.

ஊசி வைத்தார்கள், எடுத்தார்கள். கன்னம் வெந்தது, பிறகு ஆறியது. கத்தி வைத்திருந்தால் பாதித் தாடை போயிருக்கும் என்றார் பெரிய டாக்டர்.

ஊருக்கு வந்து முதல் உருண்டை களியை ஆத்தா விழுங்கினாள். என் வீட்டுக்காரியைப் பார்த்து, "வூட்டுல உப்பு தீந்துபோச்சா, இல்ல கை சுளுக்கிக்கிச்சா?" என்றாள். என் மனைவி சிரித்தாள். நான் அழுதுவிட்டேன்.

சுதந்திரக் கொடி ஏறியதையும் அவள் பார்த்தாள். இன்று எங்கள் பக்கத்தில் யாருக்கு வாயில் ஆறாத புண் என்றாலும் நானே மொரப்பூரில் ரயில் ஏற்றிவிடுகிறேன்.

அம்மனை நம்பும் சொந்தங்களே, அவள் மௌனமாக இருந்தால் கைவிட்டாள் என்று பயப்படாதீர்கள். கொஞ்சம் நகர்ந்து நின்று, நோயாளியைக் கேட்க விடுங்கள். பூ விழும்.